ரத்தினம்மாவின் பல படுக்கையறைகள் குறித்து மைத்துனருக்கு ஒரு விளக்கம்

சுவா சூ காங்,
சிங்கப்பூர்.
வியாழக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பின்.

மதிப்பிற்குரிய மைத்துனர் வீராசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்த அங்கமுத்து பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் ரத்தினம்மாவும் நலம். இருவரும் ஒரே வீட்டில்தான் நலமாக இருக்கிறோம் என்பதையும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. தைப்பிங்கில் தாங்களும் மரியம்மாள் அக்காவும் நலமாக இருப்பீர்கள், மழை மட்டும் விட்டிருக்காது என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் நான் போட்ட கடிதம் இதற்குள் கிடைத்து, தாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பீர்களோ என்ற பதைப்பில்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். அந்தக் கடிதத்தில், தங்கள் தங்கை என்னை விட்டுப் பிரிந்து போகத் தனி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் ஒரு வீடு இல்லை, பல வீடுகள், உடனே புறப்பட்டு வந்து புத்தி சொல்லவும் என்று எழுதியிருந்தேன். அது அப்படி இல்லை. வர வேண்டாம். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் ஃபோன் எப்போதும் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கிறது. நான் ஃபோனில் பேசினால் கீழ்மாடி வரைக்கும் கேட்கும் என்று ரத்தினம்மா சொல்வாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாலோ பினாங்கிலிருந்து பெர்த் வரைக்கும் ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிடுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே கடிதம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, சொல்லச் சொல்லப் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் சம்சுன்னிசாவைத் தங்களுக்குத் தெரியும், எங்கள் மகள் சங்கீதாவின் கல்யாணத்தில் பிரியாணிக்கு உப்பு போதவில்லை என்று சொன்னவர். அவருடைய மகள் அஃப்ரீன் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். ஒருநாள் தீப்பெட்டி அளவில் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றை நானும் ஒன்றை ரத்தினம்மாவும் கொஞ்ச நாள் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

“நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் அங்கிள். மாட்டிக்கிட்டு வழக்கம்போல இருங்க. அதுவா ஃபோட்டோ எடுத்துக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பார்த்து, உங்க டெய்லி ரொட்டீன் என்னன்னு தானாவே கண்டுபிடிச்சிரும்.”

“என் ரொட்டீன் எனக்கே தெரியுமேம்மா. கேட்டா சொல்லிடுறேன்.”

“சொல்றது வேற, செய்யறது வேற அங்கிள். அதுதான் ரிசர்ச்சே.”

அப்போதே நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, நல்லா படிம்மா என்று அனுப்பி வைத்திருக்க வேண்டும். ஆனால் துவாஸ் கப்பல் பட்டறையில் காலமெல்லாம் ஸ்டோர் பார்த்தவன் நான். ஒழுங்கு என்றால் அங்கமுத்து, அங்கமுத்து என்றால் ஒழுங்கு என்று பட்டறையில் பேர். கம்ப்யூட்டரும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்துவிட்டேன். முகங்களை எல்லாம் அது தானே மறைத்துவிடும், படங்களை அஃப்ரீன்கூடப் பார்க்கக் கூடாது, இயந்திரம் மட்டும்தான் பார்க்கும் என்று சொன்னதும் எனக்குக் கூடுதல் தைரியம் வந்துவிட்டது. ஏன் தைரியம் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மனசுக்குள் வைத்துக்கொள்ளவும்.

நான் ஓய்வுபெற்ற புதிதில், ரத்தினம்மா உங்களோடு ஃபோனில் பேசியது குளியலறையில் இருந்த என் காதில் விழுந்தது. “நாள்பூரா எதிர்லயே உட்கார்ந்திருக்காரு அண்ணே, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல” என்றாள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை, லைப்ரரிக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன். நிஜமாகவே லைப்ரரிக்குத்தான் போனேன். அங்கே எல்லா நாற்காலியிலும் என்னை மாதிரியே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், காலியாக இருந்த ஒன்றிலும் ஒரு குடை உட்கார்ந்திருந்தது. அப்படியே பஸ் ஏறி ஜூரோங் பக்கம் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடைக்குள் புகுந்தேன். நல்ல குளிர். வீடு மாதிரியே அறை அறையாக ஜோடித்து வைத்திருக்கிறார்கள் மச்சான். ஒரு பழுப்பு நிற சோபாவுக்கு எதிரே டிவி இருக்கிறது, அட்டையில் செய்தது, இருந்தாலும் கை ரிமோட்டைத் தேடும். கொஞ்சம் சோபா, கொஞ்சம் சாப்பாட்டு மேசை, மதியத்துக்கு மேல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் கொஞ்சம் சாய்வது. அன்றிலிருந்து அதுதான் என் லைப்ரரி. அங்கே வேலை செய்யும் முனீரா என்ற பெண் முதலில், “அங்கிள், என்ன மாடல் பார்க்குறீங்க?” என்று கேட்பாள். பிறகு, “இன்னும் யோசிக்கிறீங்களா லா?” என்றாள். அதற்கும் பிறகு தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

ரத்தினம்மா அந்த நேரமெல்லாம் வீட்டில் கையும் காலும் ஓடி நிம்மதியாக இருப்பாள் என்றும், இடையில் தேக்கா பக்கம் கோயிலுக்குப் போய்வருவாள் என்றும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குத் துணையாகச் சம்சுன்னிசா போவார். கோயிலுக்குச் சம்சுன்னிசா எதற்குப் போகிறார் என்று இத்தனை நாளில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

கேமராக்களுக்கு வருகிறேன். என்னுடையதில் நீலப் புள்ளி, அவளுடையதில் சிவப்புப் புள்ளி என்று அஃப்ரீன் ஒட்டியிருந்தாள். எது நீலம் எது சிவப்பு என்று வயதானவர்களுக்குக் குழப்பம் வரும் என்பதால், நான் என் பழைய ஸ்டோர் வழக்கப்படி அந்தப் புள்ளிகளின் மேல் வெள்ளை லேபிள் ஒட்டி, ‘அ’ என்றும் ‘ர’ என்றும் தெளிவாக எழுதினேன். அதற்குப் பிறகு எந்தக் குழப்பமும் இல்லை. நான் ‘அ’வை மாட்டிக்கொண்டு போனேன், அவள் ‘ர’வை மாட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஃப்ரீன் இரண்டு தாள்களோடு வந்தாள். கூடவே சம்சுன்னிசா. செங்காங்கிலிருந்து சங்கீதாவும் வந்திருந்தாள். தாளில் எழுத்தைவிடக் கலர்தான் அதிகம்.

“அங்கிள், உங்களுக்கு ரொம்ப ஸ்ட்ராங் ரொட்டீன்” என்றாள் அஃப்ரீன். நான் சங்கீதாவைப் பார்த்தேன். “காலையில எம்ஆர்டி ரயில். அப்புறம் சாப்பாடு. அப்புறம் யாரோ ஒருத்தர்கூடப் பேச்சு. அப்புறம் கடைத்தெரு. மறுபடியும் சாப்பாடு, மறுபடியும் பேச்சு. அப்புறம் எம்ஆர்டி.”

“எதெல்லாம் சாப்பாடு?” என்று கேட்டாள் சங்கீதா.

“இந்த ஆரஞ்சு எல்லாமே சாப்பாடுதான் அக்கா.”

தாள் பாதிக்கு மேல் ஆரஞ்சாக இருந்தது. மச்சான், எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் ஓட்ஸ்தான். உங்களுக்கு இல்லாதது எனக்கும் வேணாம் என்று ரத்தினம்மாவும் என்னோடு உட்கார்ந்து அதையே குடிக்கிறாள். அப்படி இருக்கிற மனிதனைப் பார்த்து என் மகள் கேட்கிறாள்: “டாக்டர் சொல்லியும் கேக்காம தினமும் வெளிய போய் இப்படிச் சாப்பிடுறீங்களேப்பா. யாரோட போறீங்க?”

“நான் சாப்பிடலம்மா.”

“அப்ப எங்க இருந்தீங்க?”

“லைப்ரரியில.”

அஃப்ரீன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “லைப்ரரி வரவே இல்லையே அங்கிள். ஒரு புத்தகம்கூட இல்ல.” சம்சுன்னிசா எங்கள் மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ பழுது என்று நினைத்தேன். நான் சாப்பிடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் கட்டிலில் படுத்திருந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு, சாப்பிட்டேன் என்றே இருந்துவிடலாம். உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. என் தாளில் சோபா வரவில்லை. இயந்திரத்துக்குச் சோபா தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ரத்தினம்மாவின் தாள். “ஆன்ட்டி, உங்களோடதுதான் கம்ப்யூட்டருக்கே குழப்பம்” என்றாள் அஃப்ரீன். “பஸ், அப்புறம் வீடு. ஆனா இந்த வீடு இல்ல. ஒரு லிவிங் ரூம், ஒரு பெட்ரூம், வேற லிவிங் ரூம், வேற பெட்ரூம். தினமும் அப்படித்தான். உங்களுக்கு எத்தனை வீடு ஆன்ட்டி?”

ரத்தினம்மா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் தாளைப் பார்த்தாள். முகம் அப்படியே இறுகிவிட்டது. நான் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். மச்சான், நீங்கள் கெட்டிக்காரர், இந்த இடத்திலேயே விஷயத்தைப் பிடித்திருப்பீர்கள். நான் பிடிக்கவில்லை. தாளின் மேல் அவள் பெயர் எழுதியிருந்தது. மேலே எழுதியிருப்பதை நம்பித்தான் நான் கடைசி வரைக்கும் ஸ்டோரை நடத்தினேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஓட்ஸும் குறைந்தது. வெளியேதான் வயிறு முட்டச் சாப்பிடுகிறேனே என்று சங்கீதா சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரத்தினம்மா வெள்ளரிக்காயை நறுக்கி என் முன்னால் வைக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. படுக்கையை விரிக்கும்போது ஒருநாள் கேட்டாள்: “படுக்கையெல்லாம் வசதியா இருக்கா?”

“எந்தப் படுக்கை?”

“எல்லாப் படுக்கையும்தான்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரிந்து போகும்போது இந்தக் கட்டிலை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று யோசிக்கிறாள் போலும் என்று நினைத்தேன். இத்தனை காலம் கூட இருந்தவள் என் எதிரே உட்கார முடியாமல் ஊரெல்லாம் வீடு பார்க்கிறாளே, அப்படி என்ன செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அட்டை டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். சாயந்திரம் வந்து அவளிடம் கேட்டுவிடலாம் என்று இருக்கும். வந்தால் வெள்ளரிக்காய் இருக்கும். அந்த நிலையில்தான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுத்து ஆங்காங்கே கலைந்திருந்தால் அதற்குக் காரணம் மழை இல்லை.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு கடைக்குப் போனேன். நின்றால் தலை சுற்றியது. உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பெரிய கட்டிலில் படுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முனீரா வந்து கூப்பிட்டிருக்கிறாள், தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள், நான் அசையவில்லை. பயந்துபோய் என் ஃபோனை எடுத்து, அதில் முதலில் இருந்த எண்ணுக்குப் போட்டிருக்கிறாள். அது தங்கள் தங்கை. முனீரா சொன்ன வார்த்தைகளைச் சம்சுன்னிசா எனக்கு அப்படியே சொன்னார்: “ஆன்ட்டி, அங்கிள் எங்க பெட்ரூம்ல படுத்திருக்காரு. எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குறாரு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?”

அப்போது ரத்தினம்மாவின் கையில் நெய்த் தோசை இருந்ததாம். பாதித் தோசையை வைத்துவிட்டு அவள் எழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார் சம்சுன்னிசா. இருவரும் தேக்காவிலிருந்து டாக்சி பிடித்து வந்திருக்கிறார்கள். வழியெல்லாம் அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாளாம்.

அதற்குள் முனீரா என் முகத்தில் தண்ணீர் தெளித்து, எழுப்பி, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, ஒரு கப் மைலோ கொடுத்திருந்தாள். இரண்டாவது மடக்கில் எனக்கு ரத்தினம்மாவின் குரல் கேட்டது.

“எங்கம்மா அந்த பெட்ரூம்?”

“எந்த பெட்ரூம் ஆன்ட்டி? இங்க நிறைய இருக்கே” என்றாள் முனீரா.

ரத்தினம்மா சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் படுக்கையறை. ஒவ்வொன்றிலும் விளக்கு, ஒவ்வொன்றிலும் மெத்தை, நடுவில் ஒன்றில் மைலோவோடு நான். பிறகு மெல்ல வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“இதுதானா?”

“எது?”

“அந்தப் பெட்ரூம் எல்லாம்.”

“அது உன் தாள்லதானே வந்துச்சு” என்றேன்.

“என் தாள்ல வந்தது உங்க ஃபோட்டோ. உங்க தாள்ல வந்தது என் ஃபோட்டோ. லேபிளை மாத்தி ஒட்டியிருக்கீங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“தோசை தின்னவளுக்குத் தெரியாதா?”

நான் மைலோவைக் கீழே வைத்தேன். சம்சுன்னிசா பக்கத்தில் ஒரு அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல? எனக்கு வெள்ளரிக்காயை வச்சியே.”

“சொன்னா தோசை வெளிய வரும். சொல்லலேன்னா, இவரு யாரு வீட்டுக்கெல்லாம் போறாரு, எந்தப் படுக்கையில படுக்கிறாருன்னு நெஞ்சு வேகுது. நான் என்ன பண்ணட்டும்? நீங்க ஏன் தினமும் கிளம்பிப் போனீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.”

சொன்னேன். ஃபோனில் உங்களிடம் அவள் பேசியதைக் கேட்டதைச் சொன்னேன். இந்த இடத்தில் உங்கள் பெயரை இழுக்க வேண்டியதாகிவிட்டது, மன்னிக்கவும்.

“ஒருநாள் சொன்னா அதுக்காகத் தினமும் போயிடுவீங்களா?” என்றாள். “நான் என்ன நினைச்சேன், வீட்ல இருக்கப் பிடிக்காமத்தான் லைப்ரரிக்கு ஓடுறாருன்னு நினைச்சேன். நீங்க போனதும் அந்த வீட்ல நான் யாரோட பேசுறது? சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. சம்சு ஒருநாள் வா டீ குடிக்கலாம்னு கூப்பிட்டா. அப்படியே பழகிப்போச்சு.”

அப்படியானால், அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் வெளியே போக, நான் இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் அவளும் வெளியே போக, எங்கள் வீடு பகலெல்லாம் பூட்டியே கிடந்திருக்கிறது. இதை நான் கட்டிலில் வைத்தே மூன்று விதமாகக் கேட்டுப் புரிந்துகொண்டேன். அந்தச் சமயம் ஒரு சீனத் தம்பதி வந்து, எங்கள் கட்டிலின் மறுபக்க மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, இவர்கள் வாங்கப் போகிறார்களா என்று முனீராவிடம் எங்களைக் காட்டிக் கேட்டார்கள். அவர்கள் யோசிக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். நல்ல பெண்.

அன்று சாயந்திரம் அஃப்ரீன் எங்கள் வீட்டுக்கு வந்து லேபிளை உரித்துப் பார்த்தாள். ‘அ’வுக்கு அடியில் சிவப்பும் ‘ர’வுக்கு அடியில் நீலமும் இருந்தன. யார் தவறு என்று ஆராய்வதில் இனிப் பயனில்லை. ஆராய்ச்சி முடிந்தால் படங்களை உரியவர்களிடம் கொடுத்துவிடுவார்களாம். முந்தாநாள் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தடவை சரியான ஆளுக்குச் சரியான படம். நானும் ரத்தினம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். அவளுடையதில் வளையல் போட்ட கை, தோசை, வடை, டீ, எதிரே முகம் மறைத்த சம்சுன்னிசா, பூக்கடை, மறுபடியும் வடை. பார்க்கப் பார்க்க எனக்கு நாக்கில் ஊறியது. என்னுடையதில் என் கால்கள், காலுக்கு அந்தப் பக்கம் அட்டை டிவி. பிறகு வேறு மெத்தையில் அதே கால்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். வெகுநேரம் கழித்து, “ஒரு ஃபோட்டோவுலகூட உங்க எதிர்ல யாருமே இல்லையே” என்றாள்.

முனீரா வருவாள் என்றேன். ரத்தினம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி தோசை சுட்டாள். எண்ணெய் இல்லாமல்தான். ஆனாலும் தோசை.

இப்போது காலையில் இருவரும் சேர்ந்தே தேக்காவுக்குப் போகிறோம். சம்சுன்னிசா தோசை சாப்பிடுவார், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்போம், சீனி இல்லாமல். ரத்தினம்மாவின் தட்டிலிருந்து ஒரு துண்டு வடை எனக்கு வரும், அது சங்கீதாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் வீடு. அவள் எதிரே உட்காருகிறேன். தொந்தரவா இருக்கா என்று நடுநடுவே கேட்கிறேன், கேட்பதுதான் தொந்தரவு என்கிறாள். எங்கள் வீடு சின்னது மச்சான், ஆனால் இரண்டு பேருக்குப் போதும் என்று இப்போது தெரிகிறது. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதையும் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே புறப்பட்டு வந்து புத்தி சொல்லும் சிரமம் தங்களுக்கு வேண்டாம்.

அக்காவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள், ஃபோனை அவ்வப்போது தாத்தாவிடமும் கொடுக்கச் சொல்லவும். உங்கள் வீட்டில் நெல்லும் நீரும் பேச்சும் குறைவில்லாமல் நிறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
அங்கமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால், நீங்கள் பெட்டியோடு நிற்கிறீர்கள். என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தீர்கள் என்று நினைத்து, எல்லாம் சரியாகிவிட்டது மச்சான் என்று ஆரம்பித்தேன். எந்தக் கடிதம் என்று கேட்டீர்கள். அக்கா ஆசையாக வளர்த்த கறிவேப்பிலை மரத்தை, ஜன்னலை மறைக்கிறது என்று நீங்கள் கேட்காமல் வெட்டிவிட்டதாகவும், அதிலிருந்து அவர் உங்களோடு பேசுவதில்லை என்றும், சண்டை சச்சரவே தெரியாத தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறிவிட்டதாகவும் சொன்னீர்கள். இதை எழுதும் இப்போது நீங்கள் எங்கள் குளியலறையில் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்ற வரியை நீங்கள் படிப்பீர்கள். கிழித்துப் போடலாம் என்றால், போன வாரக் கடிதம் தனியாகப் போய் நின்று தைப்பிங்கில் மானத்தை வாங்கும். எனவே தபாலிலேயே போடுகிறேன். அங்கே இதைப் பிரிக்கப் போவது யார் என்று எனக்குத் தெரியும்.

மரியம்மாள் அக்கா, அவர் இங்கேதான் இருக்கிறார். வந்ததும் நன்றாகச் சாப்பிட்டார், ஆனால் சாப்பிடும்போது கறிவேப்பிலையை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர் இருந்தால் மரம் திரும்பவும் துளிர்க்கும் என்று ரத்தினம்மா சொல்கிறாள். துளிர்த்ததும் ஒரு ஃபோன் போடுங்கள். துளிர்க்காவிட்டாலும் போடுங்கள்.